வருடம் ஒரு முறை சிறுநீரில் அல்புமின்: சர்க்கரை நோயாளிகளுக்கான விதி என்ன?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரத்தச் சர்க்கரையைத் தவறாமல் பார்த்துவிடுகிறார்கள், சிறுநீரகத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல்களை வகுக்கும் கேடிகோ அமைப்பும் சொல்லும் விதி இது: வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் அல்புமின் என்னும் புரதத்தையும், ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினையும் பார்த்தாக வேண்டும்.

டைப் 2 என்றால் நோய் கண்டுபிடித்த அன்றே தொடங்க வேண்டும். தெரியவரும் முன்பே அது பல ஆண்டுகள் உடம்பில் இருந்திருக்கலாம். டைப் 1 என்றால் 5 ஆண்டுகள் கழித்துத் தொடங்கலாம்.

எந்தப் பரிசோதனை என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சிறுநீரில் பட்டையை முக்கிப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் 'புரதம் இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்தப் பட்டை, புரதம் நிறையக் கசிந்த பிறகுதான் நிறம் மாறும். ஆரம்பக் கசிவைக் காட்டுவது அல்புமின்–கிரியாட்டினின் விகிதம், அதாவது ஏசிஆர். இதற்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. ஒரு முறை கொடுத்தால் போதும். காலை எழுந்ததும் போகும் சிறுநீர் நல்லது. ரிப்போர்ட்டில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை இருந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டி கசியத் தொடங்கிவிட்டது. 300-ஐத் தாண்டினால் பாதிப்பு கடுமை.

இந்த நடுக் கட்டத்தில் வலி இருக்காது, கால் வீங்காது. சிறுநீரில் நுரையும், காலில் வீக்கமும் தெரியும்போது கசிவு வெகுதூரம் போயிருக்கும். இதயத்துக்கும் ஆபத்து கூடியிருக்கிறது என்பதற்கும் இதே கசிவு அடையாளம்.

ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, மிக அதிகமான சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் என எதுவும் அளவை ஏற்றிக் காட்டும். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டு கூடுதலாக வந்தால்தான் உறுதி.

உறுதியானால் சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டோடு, ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஏசிஇ தடுப்பான் அல்லது ஏஆர்பி வகை மாத்திரையும், பலருக்குச் சர்க்கரைக்குத் தரப்படும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் வகை மாத்திரையும் டாக்டர் எழுதுவார். பிரஷர் சரியாகிவிட்டதே என்று இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தைக் காப்பதற்கும்தான் அவை. கர்ப்பமாக இருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள். அதன்பின், பாதிப்பைப் பொறுத்து வருடத்துக்கு 1 முதல் 4 முறை வரை ஏசிஆர் பார்க்க வேண்டியிருக்கும்.