கல்வெட்டுப் பாறை பக்கத்தில் வீடா? ‘ஒண்ணும் செய்யக்கூடாது’ என்றால் எழுதிக் கேளுங்கள்

ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்ற அனுமதி கேட்டால், “தொல்லியல் இடம், கை வைக்கக்கூடாது” என்று விரட்டிவிடுகிறார்கள். கேட்டவர் கூரைமேல் தார்ப்பாயை விரித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை.

முதலில் அங்கே இருக்கிற தொல்லியல் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். மாநிலத் தொல்லியல் துறை இடமென்றால் 1966 சட்டம், அது வேறு கதை. சித்தன்னவாசல் போல மத்தியத் தொல்லியல் துறை இடமென்றால் 1958 சட்டமும் 2010 திருத்தமும்: 100 மீட்டர் வரை தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி, அதாவது அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டிய இடம்.

பலர் சிக்குவது அளவில்தான். டேப்பை எழுத்து வெட்டிய பாறையிலிருந்து பிடிக்கக்கூடாது, அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு எல்லையிலிருந்து பிடிக்க வேண்டும். குன்று முழுவதையும் அறிவித்திருந்தால் அடிவாரத் தெருவே உள்ளே வந்துவிடும். கொஞ்ச இடத்தை மட்டும் அறிவித்துவிட்டு மலை முழுவதையும் காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அரசிதழ் அறிவிக்கை, சர்வே எண், எல்லை வரைபடம் மூன்றையும் கேளுங்கள். வந்தபிறகு பேசுங்கள்.

தடைப்பகுதியில் புது வீடு கிடையாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பட்டாவை மட்டும் நீட்டினால் போதாது. பட்டா நிலத்துக்குத்தான் சாட்சி, வீட்டுக்கு இல்லை. பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம் இரண்டையும் தேடி எடுங்கள். “எப்படியும் பழசுதானே” என்று இடித்துவிடாதீர்கள்: அதே அளவில் திரும்பக் கட்டினாலும் அது மறுகட்டுமானம், 100 மீட்டருக்குள் அதற்கு இடமில்லை. மாடி எடுப்பதும் பழுதுபார்ப்பு ஆகாது.

விஏஓ, ஊராட்சி, தாலுகா ஆபீஸ் என்று அலைய விடுவார்கள். அனுமதி தருவது அவர்கள் யாரும் இல்லை, இதற்கென நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரி. அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும். மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்டு, விண்ணப்பம் வந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். கெடு தாண்டுவது சகஜம் என்பதால் தேதி போட்ட ஒப்புகைச்சீட்டு வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

பொறுமையிழந்து அனுமதியில்லாமல் தடைப்பகுதியில் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட பாறையில் பெயர் வெட்டுகிறவருக்கும் இதே தண்டனைதான். அவர்களைப் பிடிக்கத்தான் ஆளைக் காணோம்.