காமா ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கணக்கு

கானாடுகாத்தானிலிருந்து வந்த ஆச்சிக்கு வயது 48. மஞ்சப் பையில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஃபிலிம், கூடவே ஒரு சின்ன நோட்டு. பஸ் டிக்கெட் வரை அதில் எழுதி வைத்திருந்தார்.

"ஏம்மா, மார்பு அடர்த்தியா இருக்குன்னு போட்டிருக்காக. காமா ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிருமாமே. அம்புட்டுக் காசுக்குத் தகுமா?"

காரைக்குடியில் மேமோகிராம் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எனக்கு இது அடிக்கடி வரும் கேள்வி.

அடர்த்தி நோயல்ல. கொழுப்பு குறைவு, சுரப்பித் திசு கூடுதல், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், மேமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளை, புற்றும் வெள்ளை. நம்ம ஊர் வீட்டு முட்டைப்பூச்சுச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதை.

காமா ஸ்கேனில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த செஸ்டமிபி மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். இதய ஸ்கேனுக்குப் போடும் அதே மருந்துதான். புற்றுச் செல்கள் அதைக் கூடுதலாக இழுத்துக்கொள்வதால் அந்த இடம் தனித்துத் தெரியும், அடர்த்தி மறைக்காது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அடர்ந்த மார்புள்ள சுமார் 1,600 பெண்களைப் பார்த்தார்கள். மேமோகிராம் மட்டும் 1,000-க்கு 3.2 புற்றுகளைக் கண்டது. இதையும் சேர்த்தபோது 12.

அப்புறம் ஏன் தயக்கம்? டெக்னீஷியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். வாங்கி அடுக்கி வைக்க முடியாது, அது ஊறிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் என்ற பெட்டியிலிருந்து அன்றன்றைக்கு எடுக்க வேண்டும். அந்தத் துறைக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பசு என்பார்கள், மருந்தெடுப்பதைக் கறப்பது என்பார்கள். அந்தப் பசுவே 66 மணி நேரத்தில் பாதி வற்றிவிடும், நோயாளி வந்தாலும் வராவிட்டாலும். ஆள் குறைந்தால் தலைக்குச் செலவு ஏறும். கதிர்வீச்சும் மார்போடு நிற்காது, உடம்பு முழுக்கப் போகும். அளவு மேமோகிராமைவிடப் பல மடங்கு. போதாக்குறைக்கு, புற்றில்லாத சில கட்டிகளும் மருந்தை இழுக்கும். அதற்கொரு பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது), அதற்கொரு பில்.

ஆச்சியிடம் கேட்டேன்: "கையில எதுவும் தட்டுப்படுதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "குளிக்கையில சுண்டைக்காய் அளவுக்கு ஒண்ணு. இதை யாருமே கேக்கலையே."

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். கட்டி தட்டுப்பட்டால் காமா ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் புற்று இல்லையென்று சொல்ல முடியாது, ஊசியால் திசு எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். அப்படியென்றால் அந்த ஸ்கேன் காசு வீண். அன்றே அல்ட்ராசவுண்ட் வைத்தேன். அதில் அடர்த்தித் திசு வெளுப்பாகவும் புற்று பெரும்பாலும் கருப்பாகவும் தெரியும். வெள்ளரிசியில் கவுனி அரிசி கிடப்பது மாதிரி. கட்டி 12 மில்லிமீட்டர். அங்கேயே ஊசியில் திசு எடுத்தோம். புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலை.

எல்லாருக்கும் இதே கணக்கு பொருந்தாது. தேவகோட்டை அம்மா ஒருவருக்கு ஒரு மார்பில் புற்று உறுதியாகிவிட்டது. இரண்டு மார்பும் நல்ல அடர்த்தி, அறுவைக்கு முன் வேறெங்கும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கலாமென்றால் நெஞ்சில் பழைய பேஸ்மேக்கர், அந்தக் காந்தத்துக்கு ஆகாது. அவருக்குக் காமா ஸ்கேனுக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன்.