புகாருக்குள் பெருங்கலம் நுழைந்த வழி

பூம்புகாரில் காவிரி கடலைத் தொடும் இடத்தைக் கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேட்டியை மடித்துக் கட்டினால் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். இதே புகார் முகத்துவாரத்தைப் பற்றித்தான் புறநானூற்றின் 30ஆம் பாட்டு, மேற்பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலம் உள்ளே புகுந்தது என்கிறது. 1962-63இல் பூம்புகாரை அடுத்த கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறையும், படகு கட்டும் மரக்கம்பங்களும் கிடைத்தன. அப்படியென்றால் அந்த ஆழத்தைத் தோண்டி வைத்திருந்தது யார்?

தண்ணீர்தான். அலை கரைக்குச் சாய்வாக வந்து மணலையும் சாய்வாக மேலே தள்ளும், திரும்பும்போது சரிவைப் பார்த்து நேராக இறங்கும், இப்படி ரம்பப் பல் போல ஏறி இறங்கியே மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டிருக்கும். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும், வாடை தொடங்கினால் தெற்கே திரும்பும். எந்தப் பக்கம் போனாலும் வழியில் ஆற்றுவாய் வந்தால் அங்கே கொஞ்சம் கொட்டிவிடும். அதை வெளியே தள்ளுவது ஆற்று வெள்ளமும், ஏற்றத்தில் உள்ளே வந்து வற்றத்தில் திரும்பி ஓடும் கடல்நீரும். நம் கடற்கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை, அதனால் பெரும்பாலான வேலையை ஆறேதான் செய்தாக வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதற்கு அப்புறம் வருகிறது. வாய் குறுகினால் உடனே அடைத்துக்கொள்ளாது. வயல் மடையைக் கையால் பாதி மறைத்துப் பாருங்கள், தண்ணீர் சீறிக்கொண்டு ஓடி அடிச்சேற்றை அரித்துவிடும். முகத்துவாரமும் அப்படித்தான், நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகம் கிடைத்தால் விழுந்த மணலைத் தானே வாரிப் போட்டுவிடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் குறுகி மேடும் தட்டிவிட்டால், தரையோடும் கரையோடும் உரசியே வேகம் செத்துவிடுகிறது. வருகிற மணல் தங்கும், தங்கிய மணல் வேகத்தை இன்னும் குறைக்கும், வாய் மூடிவிடும்.

காவிரியின் வெள்ளத்தில் பெரும்பங்கை முக்கொம்பிலேயே கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. 1934இலிருந்து மேட்டூர் அணை வேறு பிடித்து வைக்கிறது. மிச்சம் கல்லணையில் வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குப் பாய்ந்தது போக, மேலையூர் கதவணையைத் தாண்டிக் கடலுக்கு வருவது கொஞ்சம்தான். நெல்லுக்குப் போன தண்ணீரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்தான் ஒரு காலத்தில் கப்பல் வழியையும் தூர்வாரிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் ஆறு பெருகி, வாயை மணல்திட்டு அடைத்திருந்தால் வெட்டித்தான் விட வேண்டும். அதற்கும் நேரம் பார்க்க வேண்டும்: கடல் வற்றத் தொடங்கியதும் வெட்டினால்தான் ஆற்றுமட்டம் உயரத்திலும் கடல்மட்டம் தாழ்விலும் இருந்து வேகம் கிடைக்கும். மண்வெட்டியால் போட்ட முழ அகல வாய்க்கால், இரண்டு பக்கமும் மணல் பொலபொலவென்று சரிந்து சரிந்து, கொஞ்ச நேரத்தில் படகு போகிற அகலத்துக்கு வந்துவிடும்.