கடையை மூடச் சொன்னால் கைக்கு என்ன வரும்? பாலக்காட்டு எல்லையோரச் சிறுதொழில் செய்வோருக்கு ஒரு விளக்கம்

கொரோனா தொற்றால் 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் கடைகள் மூடப்பட்டபோது, அந்த உத்தரவு பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் வந்தது. மீறினால் 51ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. மீறியதால் உயிரிழப்போ உயிருக்கு ஆபத்தோ நேர்ந்தால் இரண்டாண்டு வரை. தண்டனை இவ்வளவு தெளிவாக இருந்தது. மூடிக் கிடக்கும் கடைக்கு இழப்பீடு உண்டா என்றால், இல்லை. ஒரு நாற்காலி போட்டு முடி வெட்டுகிறவருக்கும், ஒரு தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கிறவருக்கும், நாள் வருமானம் நின்றதற்கு ஈடாகப் பணம் தரும் கடமையை அந்த உத்தரவு யார்மீதும் சுமத்தவில்லை. கிடைத்த உதவிகள் எல்லாம் வேறு வழிகளில், வேறு பதிவேடுகளில் இருந்த பெயர்களைப் பார்த்துத்தான் வந்தன. பெயர் இருந்தவருக்கு முதலில் வந்தது. இல்லாதவர் அலைந்து வாங்கினார், அல்லது வாங்காமலே விட்டார்.

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவை ஒட்டிய எல்லையில் வாழும் தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வீடு ஒரு மாநிலத்தில், கடை இன்னொரு மாநிலத்தில். ரேஷன் அட்டை இங்கே, பஞ்சாயத்து லைசென்ஸ் அங்கே. சாதாரண நாளில் இது தொந்தரவாகத் தெரிவதில்லை. தொற்றுக்காலத்தில் ஒவ்வொரு அட்டையும் எந்த அரசின் முத்திரை என்பதே கேள்வியாகிவிடுகிறது.

முதலில் விதியைப் பார்ப்போம். கடை திறப்பது பற்றிய விதி, நாற்காலி கிடக்கும் ஊரின் விதி. நீங்கள் எங்கே தூங்கி எழுகிறீர்கள் என்பது அதில் கணக்கில்லை. 2020 மே மாதம் கேரளம் சலூன்களைத் திறக்க அனுமதித்தபோது முடி வெட்டுவதும் சவரமும் மட்டும், ஏசி கூடாது, இருவருக்கு மேல் காத்திருக்கக் கூடாது, ஒருவருக்குப் போர்த்திய துண்டை அடுத்தவருக்குப் போர்த்தக் கூடாது, வாடிக்கையாளரே துண்டு கொண்டுவருவது நல்லது என்றது. தமிழ்நாடு அதே மாதத்தில் முதலில் ஊரகப் பகுதிகளிலும், மே 24 முதல் சென்னை நீங்கலான நகரங்களிலும் சலூன்களைத் திறக்கவிட்டது. ஜூன் தொடக்கத்தில், வருகிறவரின் பெயர், முகவரி, கைபேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் துண்டு முக்கியம், மறு பக்கம் பதிவேடு முக்கியம்.

2021இல் இது இன்னும் கடினமாயிற்று. கேரளம் உள்ளாட்சிகளைத் தொற்று விகிதப்படி ஏ, பி, சி, டி என்று பிரித்து, எந்தக் கடை எந்த நாளில் திறக்கலாம் என்று வகுத்தது. ஆகஸ்டில் அந்த முறையைக் கைவிட்டு, கடைக்கு வருகிறவர் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு தவணைத் தடுப்பூசியாவது போட்டிருக்க வேண்டும், அல்லது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் (கொரோனா பரிசோதனை) சான்று வேண்டும், அல்லது நோய் வந்து குணமாகி ஒரு மாதம் கடந்திருக்க வேண்டும் என்றது. தெரிந்த முகங்களையே நம்பிப் பிழைக்கும் சின்னக் கடைக்காரர், வாசலில் நின்று சான்று கேட்கும் காவலராகவும் மாற வேண்டியிருந்தது.

எல்லைத் தாண்டலும் அப்படித்தான். மாநிலங்களுக்கிடையே போக வரத் தனி அனுமதி தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 29 அன்று மத்திய உள்துறை அறிவித்தது. ஆனாலும் 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் தமிழ்நாடு ஆர்டிபிசிஆர் சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ கேட்டது. ஆகவே மத்திய அரசின் அறிவிப்பை மட்டும் நம்பிச் சோதனைச் சாவடிக்குப் போவது போதாது.

திறக்கலாம் என்று அரசு சொல்வதும், திறந்தால் பாதுகாப்பு என்பதும் ஒன்றல்ல. இதைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தையல்காரருக்கு வழி இருக்கிறது. அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, இஞ்சு டேப்பை உடம்பில் வைக்காமலே தைத்துக் கொடுத்துவிடலாம். இஸ்திரி வண்டிக்காரர் மூட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். இருசக்கர வாகன மெக்கானிக் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லிச் சாயங்காலம் கூப்பிடலாம். சவரம் செய்கிறவருக்கு அந்த வழி கிடையாது. வாடிக்கையாளர் முகக்கவசத்தைக் கழற்றினால்தான் வேலையே தொடங்கும். அழகு நிலையத்தில் புருவம் திருத்தும் பெண்ணின் நிலை இதைவிட மோசம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பெரும்பாலோர் வேலை செய்கிறார்கள். எதிரில் இருப்பவரின் மூச்சு ஒரு சாண் தூரத்தில். வாயில் நூல் இருப்பதால் வேலை செய்கிறவர் முகக்கவசம் போட முடியாது. நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யும் முறை இருக்கிறது, பழகினால் கை வரும். பழகும்வரை அந்த ஒரு சேவையை நிறுத்திவைப்பதே சரி. முடி வெட்டலாம், சவரம் வேண்டாம் என்று பாதித் தொழிலோடு கடை நடத்துவதும் நேர்மையான முடிவுதான்.

“அண்ணா, கடை வேண்டாம், வீட்டுக்கு வந்து வெட்டிவிடுங்கள்” என்ற அழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் இதைப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். கூப்பிட்டவருக்கு அப்படி இருக்கலாம். வெட்டுகிறவருக்கு ஒரே காலையில் நான்கு வீடு, நான்கு குடும்பம், நான்கு மூடிய அறை. கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நாற்காலி போடச் சொல்லுங்கள்.

இனி பணம். வாடகையைப் பற்றி அன்று ஒரு தவறான புரிதல் பரவியது. 2020 மார்ச் 29ஆம் தேதி மத்திய அரசு ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று சொன்னது, வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளர்களின் வீட்டுக்கு. கடை வாடகைக்கு அல்ல. கேரளம் 2021 ஜூலை இறுதியில் அறிவித்த உதவித் தொகுப்பில் ஜூலை முதல் டிசம்பர் வரை வாடகைத் தள்ளுபடி இருந்தது, அரசு வாடகைக்கு விட்ட கடை அறைகளுக்கு. தனியார் கட்டடத்தில் இருந்தவர் உரிமையாளரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அதே தொகுப்பில் இரண்டு லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் நான்கு சதவீதம் வரை ஆறு மாதத்துக்கு அரசு ஏற்பதாகவும் இருந்தது.

கடன் தவணை ஒத்திவைப்பை நிறையப் பேர் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 50,000 ரூபாய் பாக்கி, ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத வட்டி 3,000 ரூபாய். மாதாமாதம் வட்டி அசலில் சேர்ந்தால் ஏறக்குறைய 3,076. பிறகு அரசு திருப்பிக் கொடுத்தது வட்டிக்கு வட்டியை மட்டும், அதாவது அந்த 76 ரூபாயை. 3,000 உங்கள் தலையில்தான். கையில் காசு இருந்தும் ஒத்திவைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. தினத்தண்டலுக்கும் கந்துவட்டிக்கும் இந்த ஒத்திவைப்பு செல்லவே இல்லை. அங்கே கடன் வைத்திருந்தவர்தான் காய்ச்சலோடும் கடையைத் திறந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

2020 மே மாதம் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், 2020 பிப்ரவரி 29 அன்று ஏற்கெனவே இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதத்தைக் கூடுதல் கடனாகத் தரச் செய்தது. அடமானம் இல்லை, முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டாம். முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் கடன் வைத்திருந்த சலூன்காரரும் இதில் வந்தார். வங்கிக் கடனே வாங்காமல் மானமாகத் தொழில் செய்தவருக்கு இதில் இடமில்லை. அவர் புதிதாக முத்ரா சிசு கடனுக்கு, 50,000 வரை, விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் கதவு மூடிய மாதத்தில் புது முகத்தை எந்த வங்கி மேலாளரும் சுலபமாக நம்புவதில்லை.

தெருவில் தொழில் செய்வோருக்காக 2020 ஜூன் 1 அன்று வந்த பி.எம். ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டத்தில் முடிதிருத்துவோர், செருப்பு தைப்போர், சலவை செய்வோர் எல்லாம் அடக்கம். தொடக்கத்தில் முதல் கடன் 10,000. 2025இல் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்தபோது 15,000, 25,000, 50,000 என்று படிகளை மாற்றினார்கள். ஒழுங்காகக் கட்டினால் ஏழு சதவீத வட்டி மானியம் திரும்ப வரும். இது நகர உள்ளாட்சியைச் சார்ந்த திட்டமாகவே தொடங்கியது. சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி எல்லையில் இஸ்திரி வண்டி நிறுத்துகிறவருக்கு வழி எளிது. கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துக்குள் மட்டும் நிறுத்துகிறவர் அன்று வெளியே நின்றார். புதிய நீட்டிப்பு நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிகிறது. கேட்டுப் பார்ப்பது நல்லது.

நல வாரியப் பதிவுதான் எல்லாவற்றிலும் அடிப்படை. 2020இல் தமிழ்நாடு முடிதிருத்துவோர் நல வாரிய உறுப்பினர்களுக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. பதிவில்லாதவர்களுக்கும் பிறகு நீட்டித்தது, ஆனால் அவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பித்துச் சான்று பெற வேண்டியிருந்தது. கேரளம் 2021 மே மாதத்தில் க்ஷேமநிதி (நல நிதி) உறுப்பினர்களுக்கு 1,000 ரூபாய் அறிவித்தது. தொகை சிறிது. இருந்தாலும் இரண்டு வாரம் கடையைத் திறக்காமல் இருப்பதற்கும் நான்காம் நாளே திறப்பதற்கும் இடையில் நின்றது பல வீடுகளில் இந்தத் தொகையும் ரேஷன் அரிசியும்தான்.

எந்த மாநிலத்தில் பதிவது? தொழில் நடக்கும் மாநிலத்தில் என்பது பொது வழி. கடை கேரளத்தில் இருந்தால் தையல்காரருக்குத் தனி க்ஷேமநிதி வாரியம் இருக்கிறது, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி. முடிதிருத்துவோர், அழகுக்கலைஞர், சலவைத் தொழிலாளர் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு வாரியத்தில் கேட்க வேண்டும். கேரளத்தில் சந்தா கட்ட வேண்டும், பாக்கி விழுந்தால் உறுப்பினர் தகுதி போகும். கடை தமிழ்நாட்டில் என்றால், கோவையில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம். வயது 18 முதல் 60 வரை. பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். எந்தப் பக்கமானாலும், அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் பதிவான இ-ஷ்ரம் அட்டை எடுத்துவிடுங்கள். 16 முதல் 59 வயது வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருமான வரி இல்லாத எவரும் கட்டணமின்றிப் பதியலாம், கேரளத்தில் அக்ஷயா மையத்திலும் தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலும். அது நாடு முழுவதற்குமான எண் என்பதால் எல்லை தாண்டினாலும் செல்லும். அட்டை எடுத்தவுடன் மாதாமாதம் பணம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாகக் காப்பீடு. வங்கியில் 20 ரூபாய் பிடிக்கிறார்கள், நமக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த 20 ரூபாய் விபத்துக்கு மட்டும். நோயால் இறந்தால் அதிலிருந்து ஒரு காசு வராது. நோய் மரணத்துக்கும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் தருவது ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி திட்டம். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து அல்லாத மரணத்துக்குப் பணம் இல்லை. எனவே நோய் ஊருக்குள் வந்தபின் ஓடிப்போய்ச் சேர்வது தாமதம்தான். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதால் மே இறுதியில் பிரீமியம் பிடிப்பார்கள். கடை மூடிக் கிடந்த 2020லும் 2021லும் அதே மே மாதத்தில்தான் கணக்கு வறண்டிருந்தது. பிரீமியம் பிடிக்க முடியாமல் போனால் ஜூனில் பாதுகாப்பு இல்லை. நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை வங்கியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் மலையாளத்தில் இருப்பதால் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, பின்னர் வந்த திருத்தத்தோடு, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. மனுவைத் தமிழில் எழுதி, தேதி போட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று மேசையில் இருப்பவர் சொன்னால், சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.