கிராப்புக் கோழியின் கழுத்தில் இறகு ஏன் முளைப்பதில்லை?

செட்டிநாட்டுப் பக்கம் கொல்லையில் நாட்டுக்கோழி மேயும் வீடுகளில், கூட்டத்துக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் கழுத்து முழுக்க வெறுந்தோலாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். கிராப்புக் கோழி என்பார்கள். கழுகுக்கோழி என்றும் சொல்வதுண்டு. உச்சந்தலையில் கொஞ்சம் இறகு இருக்கும். அதற்குக் கீழே மார்பு தொடங்கும் இடம்வரை ஒன்றும் இருக்காது. வெயிலில் அலையும் சேவலுக்கு அந்தத் தோல் செக்கச்செவேலென்று ஆகிவிடும். சந்தைக்குக் கொண்டுபோனால் சீக்குக் கோழி என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. நம் ஊர் வெயிலுக்கு இதைவிடத் தோதான கோழி கொஞ்சம்தான்.

சீக்கா, பிறவியா என்று கண்டுபிடிப்பது சுலபம். கோழியைப் பிடித்துக் கழுத்துத் தோலை விரலால் நீவிப் பாருங்கள். பேன் கடித்தோ, மற்றக் கோழிகள் கொத்திப் பிடுங்கியோ இறகு போயிருந்தால், தோலில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் தட்டுப்படும். சிலவற்றில் புது இறகின் குருத்து முள்போல நெருடும். கிராப்புக் கோழியின் கழுத்தில் அந்தக் குழிகளே இருக்காது. அங்கே இறகு உதிரவில்லை, முளைக்கவே இல்லை. அது முடிவானது முட்டைக்குள், கருவுக்கு ஏறத்தாழ 7 நாள் ஆகியிருந்தபோது.

அடை வைத்த முட்டையில் முதல் வாரம் முடியும் தறுவாயில் கருவின் தோல் கண்ணாடிபோல வழவழப்பாகத்தான் இருக்கும். பிறகு முதுகின் நடுக்கோட்டில் தொடங்கிப் பக்கவாட்டில் வரிசை வரிசையாகச் சிறு தடிப்புகள் எழும்புகின்றன. ஒவ்வொரு தடிப்பும் பின்னால் ஓர் இறகாகும். தென்னங்கன்று நடும்போது இடைவெளி விடுவதுபோல, ஒன்றுக்கொன்று ஒரே அளவு தள்ளித்தான் அவை எழும்பும். யார் அளந்து வைத்தது?

இங்கே இரண்டு வகை வேதிச் செய்திகள் மோதுகின்றன. ஒரு வகை, "இங்கே இறகு எழும்பட்டும்" என்று தோல் செல்களைத் தூண்டுகிறது. இன்னொரு வகை, எழும்பிய இடத்திலிருந்து சுற்றிலும் பரவி, "பக்கத்தில் வேறொன்று வேண்டாம்" என்று தடுக்கிறது. தூண்டலும் தடையும் இப்படிப் பரவினால், யாரும் வரையாமலே புள்ளிகளும் கோடுகளும் தாமாக உருவாகும் என்று ஆலன் டூரிங் 1952-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கணினிக்கு அடித்தளம் போட்ட அதே டூரிங்தான். கோழித் தோலில் தடுக்கும் பக்கத்தில் நிற்கும் புரதங்கள் பிஎம்பி என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை.

கிராப்புக் கோழியில் தடை ஓங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே இருக்கும் ராஸ்லின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டெனிஸ் ஹெடன் குழுவினர் 2011-இல் இதன் மூலத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கோழியின் 1-ஆம் குரோமோசோமைச் சேர்ந்த ஒரு துண்டு, 3-ஆம் குரோமோசோமில் பிஎம்பி12 என்ற புரதத்துக்கான மரபணுவுக்கு அருகில் வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அந்த மரபணு சிதையவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து சேர்ந்த துண்டால், கருவின் தோலில் அது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. தடுக்கும் புரதம் கூடுகிறது; இறகுத் தடிப்பு எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாமல் போகிறது.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தடுக்கும் புரதம் கருவின் தோல் முழுக்கத்தானே கூடுகிறது? கழுத்து மட்டும் ஏன் மொட்டையாக வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லாக் கோழிக் கருக்களிலும், சாதாரண இறகுக் கோழியிலும்கூட, கழுத்துத் தோல் ரெட்டினோயிக் அமிலம் என்ற பொருளைத் தானே தயாரிக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் பொருள் அது. அது இருக்கும் இடத்தில் பிஎம்பி-யின் தடை இன்னும் பலமாக வேலை செய்யும். ஆகவே உடம்பு முழுக்கத் தடை கொஞ்சம் ஏறினால், முதலில் விழுவது கழுத்து. சாதாரணக் கோழியில் தடை அளவோடு இருப்பதால் இந்த வித்தியாசம் வெளியே தெரிவதே இல்லை. கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோடு எல்லாக் கோழிக்குள்ளும் இருக்கிறது. கிராப்புக் கோழி அதை நமக்கு வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. கழுகு, தீக்கோழி என்று ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பறவைகளில் திரும்பத் திரும்பக் கழுத்து மொட்டையானதற்கும் இந்த எல்லைக்கோடு வழிவிட்டிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உடம்பும் முழுக்கத் தப்பிப்பதில்லை. இறக்கைக்கு அடியிலும் தொடைப் பக்கத்திலும் ஊதிப் பார்த்தால் தெரியும், இறகு வரிசைகள் ஒல்லியாக இருக்கும். தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும், துண்டு செருகிய இந்த மரபணு வந்த கோழிக்கு மொத்த இறகு 20 முதல் 30 சதவீதம் குறைகிறது. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 40 சதவீதம் அளவுக்குக் குறைகிறது.

இந்த இரண்டையும் குஞ்சு பொரித்த அன்றே கண்ணால் பிரித்துவிடலாம். முட்டையோட்டை விட்டு வந்து ஈரம் காய்ந்த குஞ்சைக் கையில் எடுத்துக் கழுத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள். மார்புக்குச் சற்று மேலே ஒரு சின்ன முடிக்கற்றை இருந்தால் அதற்கு அந்த மரபணு ஒரே பிரதி. அந்தக் கற்றையும் இல்லாமல் இளஞ்சிவப்புத் தோல் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு பிரதி. கற்றைக்காரச் சேவலையும் கற்றைக்காரப் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு முழு மொட்டை, இரண்டு குஞ்சுகள் கற்றையோடு, ஒன்று முழு இறகோடு வரும். ஓர் அடையில் கணக்கு முன்னே பின்னே இருக்கும். பல அடைகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த விகிதம் துலங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபு விதியைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் வேண்டாம். பட்டாணிச் செடிக்கு நாம் எங்கே போவது?

இனி வெயிலுக்கு வருவோம். கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பில் ஊறும் சூட்டைத் தோல் வழியாகக் காற்றுக்குக் கடத்த வேண்டும், முடியாதபோது வாயைத் திறந்து இளைக்க வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் காரைக்குடிச் செம்மண் சரளையில் மத்தியானம் மேயும் கோழிகள் இறக்கையைத் தூக்கிக்கொண்டு, அலகைப் பிளந்து இளைப்பதைப் பார்க்கலாம். இளைப்பில் ஈரம் ஆவியாகிச் சூடு வெளியேறுகிறது. ஆனால் கூடவே கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதற்கு வேண்டிய கார்பனேட், இரத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயுவிலிருந்துதான் வருகிறது. கோடையில் முட்டை ஓடு மெலிந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மொட்டைக் கழுத்து, இளைப்பு தொடங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. இறகில்லாத தோலுக்கு அடியில் ஓடும் இரத்தம் சூட்டை நேராகக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும் இடங்களில் நடந்த ஆய்வுகள் பலவற்றில், கிராப்புக் கோழிகள் தீனியைக் குறைக்காமல் தின்று எடை கூடியிருக்கின்றன. இறகு என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். இறகுக்குப் போகாத புரதம் சதைக்கும் முட்டைக்கும் மிஞ்சுகிறது. பிரான்சில் லேபல் ரூஜ் தரச்சான்றோடு திறந்தவெளியில் வளரும் கோழிகளில் மொட்டைக் கழுத்து வகை ஏராளம். இஸத்நகரில் உள்ள மத்தியப் பறவைகள் ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கிராப்புக் கோழியைக் கலந்தே ஹிட்காரி என்ற கொல்லைப்புறக் கோழியை உருவாக்கியது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. காற்றின் சூடு கோழியின் உடல் சூட்டை நெருங்க நெருங்க, தோல் வழியாகப் போகும் சூடு குறைந்துகொண்டே வரும். 40 டிகிரியில் கொளுத்தும் மத்தியானத்தில் கிராப்புக் கோழியும் இளைக்கத்தான் செய்யும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அதற்கும் வேண்டும். அதன் அனுகூலம் காலையிலும் சாயங்காலத்திலும், புழுங்கும் இரவுகளிலும்தான் அதிகம்.

பெரிய கோழி வெயிலைத் தாங்கும், முட்டை தாங்காது. கோடையில் அடை வைத்தால் பாதி கூமுட்டையாகிறதே என்று நம் பக்கத்தில் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். கருக்கூடிய முட்டை ஏறத்தாழ 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்ளே கரு வளராமல் உறங்கும். அதற்கு மேலே போனால் அரைகுறையாக வளரத் தொடங்கும். அடைச்சூடான 37.5 டிகிரியை எட்டாத இந்த நிலையில் கரு ஒழுங்காக வளராது, உறங்கவும் செய்யாது. நாளாக நாளாகப் பலவீனப்பட்டுச் செத்துவிடும். சித்திரையில் வீட்டுக்குள்ளேயே 30-ஐத் தாண்டும் ஊரில், பத்து நாள் சேர்த்துவைத்த முட்டை அடைக்குப் போகும்போதே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஈரமணலுக்குள் பாதி புதைத்த மண்பானையில் முட்டையை வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடுவது நல்ல பழக்கம். நீர் ஆவியாகும்போது பானை சில டிகிரி குளிரும். ஆனால் 21 வரைக்கும் அது இறங்காது. ஆகவே நாளைக் குறைப்பதே சரியான வழி. காலையும் மாலையும் முட்டை எடுத்து, நான்கைந்து நாளுக்கு மேல் போகாமல் அடைக்கு வைத்துவிட வேண்டும். தடித்த சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீட்டுக்காரர்களுக்குப் பின்கட்டு அறை ஒரு வரம்.

அடைக்குச் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழிப் பெட்டையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கிராப்புப் பெட்டையும் அடை படுக்கும், ஆனால் உடம்பில் இறகு குறைவு. சிறுவிடை ஒன்பது பத்து முட்டைகளை நன்றாகப் பொத்திக்கொள்ளும், எளிதில் எழுந்து ஓடாது. அடைக்கோழியின் இரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயர்ந்திருக்கும். முட்டையிடுவதை நிறுத்தி, 21 நாள் ஒரே இடத்தில் அதை உட்காரவைப்பது அதுதான். நாளுக்கு ஒரு தடவை இரைக்கும் தண்ணிக்கும் எழுந்து போய்வரும். அந்தக் கால் மணி நேரக் குளிர்ச்சி முட்டைக்குக் கெடுதல் இல்லை. அலகால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பதால், கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாது.

கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, இடி முழக்கத்தில் முட்டை கெடாதிருக்க ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் வைப்பது நம் வழக்கம். அவற்றால் முட்டைக்குக் கெடுதல் ஏதுமில்லை. கவனம் போக வேண்டிய இடம் ஈரம். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. 18 நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 சதவீதம்போல நீரை இழந்தால்தான் அகன்ற பக்கத்தில் காற்றறை போதுமான அளவுக்குப் பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்த அறைக்குள்தான். கோடைக் காற்றில் இந்த இழப்பு எல்லை மீறினால், உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டி, கொத்திய ஓட்டுக்குள்ளேயே அது சிக்கிச் சாகும். அதனால் கோடை அடையில் கடைசி மூன்று நாளும் கூடைக்கு அடியில் உள்ள மணலில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுவது நல்லது. 7-ஆம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, சிவப்பு நரம்புகள் பின்னியிராத முட்டைகளை எடுத்துவிடலாம். கழுத்து மொட்டையா இல்லையா என்று உள்ளே முடிவாகிக்கொண்டிருக்கும் அதே நாள் அது.

பொரித்த குஞ்சைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள், "அப்பத்தா, இதுக்குக் கழுத்துல என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்கும். "ஒண்ணும் ஆகலடா, அது பொறப்பே அப்படி" என்பாள் அப்பத்தா. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது.

கார்த்திகை, மார்கழியில் பொரித்த கிராப்புக் குஞ்சுகளுக்குக் கதகதப்பு கூடுதலாக வேண்டும். வெயிலில் கைகொடுக்கும் அதே தோல் குளிரில் சூட்டை வீணாக்கும். தாயோடு விட்டால் அது பார்த்துக்கொள்ளும்; விளக்குச் சூட்டில் வளர்ப்பவர்கள் முதல் வாரம் 35 டிகிரியில் தொடங்கி, வாரத்துக்கு மூன்று டிகிரிபோல மெதுவாகக் குறைக்க வேண்டும். குஞ்சுகள் பல்பின் கீழே குவிந்தால் சூடு போதவில்லை, விலகி ஓரத்துக்கு ஓடினால் அதிகம்.

இனச்சேர்க்கைக்கு என் யோசனை, கற்றையுள்ள கிராப்புச் சேவலை முழு இறகுள்ள நாட்டுப் பெட்டைகளோடு விடுவது. குஞ்சில் பாதி கற்றையோடு வரும். இரண்டு பிரதி உள்ள கருக்கள் பொரிக்கும் நாளை ஒட்டிச் சாவது சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகளில் பதிவாகியிருப்பதால், முழு மொட்டையாகவே கூட்டத்தை மாற்ற முனைவதில் லாபம் இல்லை. சேவலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேறு ஊர்க் கூட்டத்திலிருந்து மாற்றினால் உறவுக்குள் சேர்வது குறையும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் மட்டும் எந்தக் கழுத்தையும் பார்க்காது. குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் ஊசி. அரசுக் கால்நடை மருந்தகங்கள் பிப்ரவரியில் இரண்டு வாரம் நடத்தும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமில் கொல்லைக் கோழிகளுக்கு இலவசமாகவே போடுகிறார்கள்.