பிராந்து பார்க்கும் வீதி

ஒரு பின்னேரம், கந்தளாய்ப் பக்கமிருந்து வந்த ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் அரிசிச் சாக்கொன்றை மிருக வைத்தியரான என் மேசையருகில் வைத்தார். "டொக்டர், பிராந்து ஒண்டு. முன்னுக்குப் போன வாகனம் அடிச்சுப்போட்டுது."

சாக்கைப் பிரித்தேன். மஞ்சள் கண், மஞ்சள் முகத்தோல், பின்னந்தலையில் கறுப்பும் வெள்ளையுமாய் விரிந்த குடுமி. குடுமிப் பாம்புக் கழுகு. வலது சிறகு முறிந்திருந்தது. இடது கால் நகங்களுக்குள் நசுங்கிய பாம்பின் ஒரு துண்டு, அப்போதும் விடாமல்.

அந்தத் துண்டுதான் கதையே. பகல் முழுக்கக் காய்ந்த தார் வீதி பொழுதுபட்ட பிறகும் சூடு ஆறாது. குளிர்காயப் பாம்பு வரும், டயரில் நசுங்கும். விடிந்ததும் கழுகு அதைத் தேடி இறங்கும். வாகனம் கிட்ட வரும்வரை இரையை விட மனசு வராது. பாரத்தோடு கிளம்பும்போது நேராக மேலே எழும்ப முடியாமல், வாகனத்தின் முன்கண்ணாடி உயரத்திலேயே வீதியைக் கடக்கும். ஆகவே வீதியில் ஏதாவது செத்துக் கிடந்தால், பறவை தெரியாவிட்டாலும் வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வாகனம் வராத இடமென்றால் நிறுத்தி, செத்ததைத் தடியால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவது இன்னும் நல்லது. பாம்பு செத்ததா என்று முதலில் பாருங்கள்!

மாடு பார்க்கப் போகிற வேலை என்பதால் இந்தத் திருகோணமலை வீதிகளில்தான் என் பாதி நாள் போகிறது. எங்களூரில் கொக்கி மூக்குள்ள எல்லாமே பிராந்துதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. கிண்ணியாப் பாலத்தில் செம்பருந்து, அதாவது கருடன், காற்றை எதிர்த்து நம் கண்மட்டத்திலேயே மிதக்கும். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. குஞ்சுப் பருவத்தில் முழுக்கப் பழுப்பாக இருப்பதால் வேறு பறவை என்று பலர் ஏமாறுகிறார்கள். கோணேசர் மலைப் பக்கம், சிறகை மேல்நோக்கி ஆங்கில 'வி' போலத் தூக்கி வட்டமிடுவது வெண்வயிற்றுக் கடற்கழுகு. இரண்டு சிறகையும் விரித்தால் இரண்டு மீட்டர் வரும். தம்பலகாமம் வயல்களில் கரண்ட் கம்பியில் சின்னதாய், வெள்ளையாய் ஒன்று இருந்தால் புறா என்று விட்டுவிடாதீர்கள். தோளில் கறுப்பு, கண்ணில் சிவப்பு இருந்தால் அது கருந்தோள் பருந்து. வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலி தேடும்.

நேரமும் முக்கியம். காலையில் காற்றுச் சூடாகும்வரை பெரிய பறவைகள் கம்பத்திலும் பட்ட மரத்திலும் சும்மா இருக்கும். அப்போது பார்த்தால் ஆறுதலாகப் பார்க்கலாம். மழை விட்ட கையோடு சிறகை விரித்துக் காயவைக்கும் காட்சி பெரும்போகக் காலத்தில் அடிக்கடி கிடைக்கும்.

ஆனால் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை, ஓட்டுபவரின் வேலையில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வாகனம் இரண்டு செக்கனில் 33 மீட்டர் கடந்துவிடும். எங்கள் வீதிகளில் அந்த 33 மீட்டருக்குள் ஒரு மாடு நிற்காமலிருந்தால் அதிசயம். நானும் ஒரு தடவை கழுகைப் பார்த்து வாய்க்கால் விளிம்பு வரை போய் வந்தவன்தான்.

அடிபட்ட பறவை கிடைத்தால் தலையோடு சேர்த்துத் துவாயால் மூடுங்கள். இருட்டானால் அடங்கிவிடும். சொண்டை விடக் கால்நகம்தான் ஆபத்து. காற்றுப் போக ஓட்டை போட்ட மட்டைப்பெட்டியில் வையுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம், பாணும் பாலும் வேண்டவே வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள், அல்லது கிட்டவுள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

அந்தக் கழுகின் சிறகைக் கட்டிவிட்டு வனஜீவராசிகள் ஆட்களிடம் ஒப்படைத்தோம். தம்பி இப்போது ஓட்டோ சீட்டுக்கு அடியில் பழைய துவாய் ஒன்று வைத்திருக்கிறார். போன கிழமை அவர் எடுத்த ஃபோன் கோலில் விபத்து ஒன்றுமில்லை: "டொக்டர், 98ஆம் மைல் கட்டையில கம்பத்தில ஒண்டு இருக்கு. குடுமி தெரியுது. வாறீங்களா?"