சிக்கடீக்குக் கம்பளி வேண்டாம்

பனிக்காலம் வந்தால் வெள்ளவத்தையில் இருக்கிற எனக்குக் கனடாவிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள், வாட்ஸ்அப் வழியாக. நாய்க்கு ஊசி போடக் கொண்டுவரும் அம்மாவுக்கு ஸ்காபரோவில் ஒரு மகள் இருப்பார். மகளின் பல்கனியில் ஒரு குருவி இருக்கும். "டொக்டர், பாவம், குளிரில விறைச்சுப்போய்ப் பந்துமாதிரி இருக்குது. பிள்ளை உள்ளுக்கு எடுத்து வச்சிருக்கிறா. என்ன குடுக்கட்டாம்?"

கடைசியாக வந்த படத்தில் இருந்தது கருந்தொப்பிச் சிக்கடீ என்கிற வட அமெரிக்கச் சின்னக் குருவி. சப்பாத்துப் பெட்டி, கீழே ஹீட்டர், மேலே கம்பளிச் சால்வை, பக்கத்தில் பாலில் ஊறிய பாண். விடிவதற்குள் செத்துவிட்டது. "குளிர் தாங்கேல்லைப் போல" என்றார்கள். அலாஸ்காவில்கூடப் பனிக்காலத்தைக் கழிக்கிற இனம் அது. ரொறன்ரோவின் பல்கனிக் குளிரா அதற்குத் தாங்காது?

சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். குருவி பந்துபோல உப்பியிருந்தால் அது விறைத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. இறகுகளை உயர்த்தி, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே உடம்பின் வெப்பம் ஏறக்குறைய 42 பாகை செல்சியஸ். உங்களுக்கு அந்தளவு இருந்தால் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். இரவில் அதே சிக்கடீ தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகை அளவுக்குத் தானாகவே இறக்கிக்கொள்ளும், கொழுப்பை மிச்சம்பிடிக்க. மாலையில் கையில் எடுத்துவிட்டு "சில்லென்று இருக்குது" என்று பதறுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிங்லெட் என்று ஒன்று இருக்கிறது. எடை 6 கிராம் அளவுதான். அதுவும் பனிக்காட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரவைக் கடத்திவிடும். பனிக்கட்டிமேல் நிற்கும் வாத்தின் கால் பற்றியும் கேட்கிறார்கள். அந்தக் காலுக்கு ஒன்றும் ஆகாது, விடுங்கள்.

அப்படியென்றால் ஏன் இத்தனை பறவைகள் தெற்கே வருகின்றன? பெரும்பாலும் சாப்பாட்டுக்காக. பறக்கும் பூச்சியை மட்டும் நம்பி வாழும் தகைவிலானுக்குப் பனிக்காலத்தில் அங்கே பட்டினிதான். ஆகவே வடக்கு ஆசியாவிலிருந்து நம்முடைய மின்கம்பிகளுக்கு வந்து சேர்கிறது. சிக்கடீ அப்படியில்லை. மரப்பட்டை இடுக்கில் பூச்சி முட்டைகளைத் தேடும், விதை தின்னும். இலையுதிர் காலத்திலேயே விதைகளைத் தனித்தனி இடங்களில் ஒளித்து வைத்து, எங்கே வைத்தது என்று நினைவிலும் வைத்திருக்கும். கொழும்பில் இருந்து பார்க்கிற நமக்கு வந்த பறவைகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. அதனால் வராதவை எல்லாம் வழியில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டவை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

பாவம் பார்த்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும்தான் அதற்கு உண்மையான ஆபத்து தொடங்குகிறது. காட்டுப் பறவைக்கு உங்கள் கை என்பது பருந்தின் கால்தான். பகல் அவ்வளவு குறுகிய காலத்தில், இரவைக் கடத்தத் தேவையான கொழுப்பை அது தின்று சேர்க்க வேண்டிய மணித்தியாலங்களைப் பெட்டிக்குள் வீணாக்குகிறீர்கள். பால் பறவைக்குச் செரிக்காது. அலகைத் திறந்து சொட்டுவிடுகிறவர்களுக்கு ஒன்று: மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, உங்கள் சொட்டு நேரே நுரையீரலுக்குப் போகும். நாங்களும் நோயுற்ற பறவைக்கு வெப்பம் கொடுப்போம், உண்மைதான். ஆனால் சோதித்துப் பார்த்து, அளந்து கொடுப்போம்.

எப்போது தலையிட வேண்டும்? கிட்டே போயும் பறக்காமல் தரையில் கிடந்தால், ஒரு சிறகு தொங்கினால், இரத்தம் தெரிந்தால், பூனை கவ்வியிருந்தால். பூனை வாய்பட்ட பறவைக்குக் காயம் தெரியாவிட்டாலும் மருந்து வேண்டும். பல் குத்தின இடம் இறகுக்குள் மறைந்திருக்கும், கிருமி இரத்தத்துக்குள் போய்விடும். கண்ணாடியில் மோதி விழுந்ததென்றால் காற்றுத் துளையிட்ட பெட்டிக்குள், இருட்டில், சத்தமில்லாமல் விடுங்கள். தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நிமிஷத்துக்கொருதரம் திறந்து படமெடுக்கவும் வேண்டாம். தெளிந்ததும் வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பறந்துவிடும். ஓரிரண்டு மணித்தியாலத்தில் பறக்காவிட்டால் அங்கேயுள்ள வனவிலங்குப் பராமரிப்பு நிலையத்தை அழையுங்கள், என்னை அல்ல. அனுமதியில்லாமல் வீட்டில் வைத்து வளர்ப்பது கனடாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

உதவத்தான் வேண்டும் என்றால் தீனி வையுங்கள். கறுப்புச் சூரியகாந்தி விதை, உப்பில்லாத மாட்டுக் கொழுப்பு. மிக்சரும் முறுக்குத் தூளும் போடுகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த உப்பு அவற்றுக்கு ஆகாது. தீனிக்கூட்டை இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது கழுவிக் காயவையுங்கள். எல்லாப் பறவையும் வந்து எச்சமிடும் இடம், நோய் பரவ அதைவிட வசதி கிடையாது. பறவை மோதாமல் இருக்க யன்னலில் ஒரேயொரு பருந்துப் படம் ஒட்டிப் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் வேண்டும்.

கொழும்புக்காரர்களும் சிரிக்காதீர்கள். இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்தும் இந்தியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஒக்டோபர் வாக்கில் வந்து சேரும் ஆறுமணிக்குருவி, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி மாடிக் கண்ணாடிகளில் மோதி விழும். வெளியே 30 பாகை. அதையும் துவாயில் சுற்றி மேசை விளக்குக்குக் கீழே வைத்துக் கொண்டுவருகிறார்கள்! தலையில் அடிபட்டதற்குச் சூடு காட்டினால் வீக்கம்தான் கூடும். இருட்டுப் பெட்டி இதற்கும் போதும். மாலையாகியும் எழும்பாவிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள், இல்லையென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். வரும்போது பெட்டியை மூடியபடியே, வாயில் ஒரு பருக்கைகூட ஊட்டாமல்.